எழுத்துக் கூட்டலும் வாசித்தலும்: முதற்புத்தகம் பற்றிய ஒரு திறனாய்வு

சில மாதங்களுக்கு முன்பு உறவினர் இல்லமொன்றில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. இரண்டாம் வகுப்பில் பயிலும் அவ்வீட்டுச் சிறுமி தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து நம் முன் அமர்ந்தாள். ஒரு பாடத்தை உரக்க வாசித்துக் காட்டினாள். தங்குதடை இல்லை, உச்சரிப்பிலும் குறை காண இயலவில்லை. பெற்றோர் பெருமிதத்துடன் எம்மை நோக்கினர். ஆயினும் சொற்களின் கீழ் நகர்ந்துகொண்டிருந்த அவளது சுட்டுவிரலைக் கவனித்தபோது எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. குரல் பத்தியின் இறுதியை எட்டிய வேளையில் விரல் இரண்டு வரி பின்தங்கி நின்றது. பாடத்தின் நடுவில் இருந்த ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்னம்மா?" என்று வினவினோம். அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. எம் முகத்தைப் பார்த்தாள். பிறகு முதல் வரியிலிருந்து மீண்டும் சொல்லத் தொடங்கினாள், அந்தச் சொல் வந்து சேரும்வரை.

அவளுடைய அண்ணன் நான்காம் வகுப்பு மாணவன். அவனிடம் அன்றைய நாளிதழைக் கொடுத்தோம். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, நெற்றி வியர்க்க, ஒரு வாக்கியத்தை முடித்தான். ஒரு பிழையும் இல்லை. "என்ன செய்தி போட்டிருக்கிறார்கள் தம்பி?" என்று கேட்டோம். "அது தெரியல மாமா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

தங்கைக்குப் பாடத்தின் பொருள் ஓரளவு தெரிந்திருந்தது, எழுத்து தெரியவில்லை. அண்ணனுக்கு எழுத்து தெரிந்திருந்தது, பொருள் கிட்டவில்லை. இருவரும் ஒழுங்காகப் பள்ளி செல்பவர்கள். இருவருக்கும் அறிவில் குறையில்லை. அவ்வாறாயின் குறை எங்கே இருக்கிறது? இவ்வினாவோடு வீடு திரும்பிய நாம், குழந்தைகளின் கையில் நாம் முதன்முதலாகக் கொடுக்கும் புத்தகத்தை எடுத்து, ஒரு நாவலைத் திறனாய்வது போலவே ஆராய்ந்து பார்த்தோம். அதன் விளைவே இக்கட்டுரை.

அணிலும் எஃகும்

கவிதைக்கும் சிறுகதைக்கும் திறனாய்வு எழுதும் நாம், எழுத்தறிந்த ஒவ்வொருவரும் கடந்து வந்த முதற்புத்தகத்தைத் திறனாய்வுக்கு உரியதாகக் கருதுவதில்லை. அரிச்சுவடி என்றும், எழுத்துப் புத்தகம் என்றும், வண்ணப்பட அட்டை என்றும் பல பெயர்களில் அது கடைகளில் கிடைக்கிறது. பெயர் மாறினாலும் உள்ளடக்கம் பெரும்பாலும் மாறுவதில்லை. அகரத்துக்கு அணில் அல்லது அம்மா, ஆகாரத்துக்கு ஆடு, இகரத்துக்கு இலை, ஈகாரத்துக்கு ஈ, உகரத்துக்கு உரல், ஐகாரத்துக்கு ஐந்து, ஆய்தத்துக்கு எஃகு. தலைமுறை தலைமுறையாக இந்த வரிசை நம்மோடு வருகிறது.

இதன் நோக்கம் தெளிவானது. படத்தைக் கண்டதும் குழந்தை அப்பொருளின் பெயரைச் சொல்லும். பெயரின் முதல் ஒலியிலிருந்து எழுத்தை அறியும். அணில், ஆடு, ஈ ஆகியவற்றில் இந்நோக்கம் நன்கு நிறைவேறுகிறது. ஈ என்னும் சொல் எழுத்தாகவும் பொருளாகவும் ஒருசேர நிற்பதைக் கண்டு மகிழாத குழந்தை இல்லை.

ஆனால் இலையின் படத்தைக் காட்டி, நம் வீட்டுக் குழந்தையிடம் "இது என்ன?" என்று கேட்டுப் பார்ப்போம். "எலை" என்றே பெரும்பாலான குழந்தைகள் சொல்லும். வாழையிலை போட்டுச் சோறு பரிமாறும் வீட்டிலும் தாயும் பாட்டியும் அவ்வாறே சொல்லக் கேட்டு வளர்ந்த குழந்தை அது. அடுத்துச் சில பக்கங்கள் தள்ளி எகரத்துக்கு எலியின் படம் வருகிறது. குழந்தையின் செவியில் எலையும் எலியும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. கண்ணெதிரே இரண்டு வேறு எழுத்துகள் நிற்கின்றன. உரலும் அவ்வாறே, அது பேச்சில் ஒரல் ஆகிவிடுகிறது. அன்றியும் மின் அரைப்பான் வந்த பிறகு பல வீடுகளில் உரலே இல்லை. ஐந்து என்னும் எண்ணைக் காட்டினால் குழந்தை "அஞ்சு" என்கிறது. எஃகோ ஆறு வயதுக் குழந்தை கேட்டறியாத சொல். ஆய்த எழுத்து அதன் முதலிலும் இல்லை, நடுவில் இருக்கிறது.

இவை சிறு குறைகள் எனத் தோன்றலாம். குழந்தையின் இடத்தில் இருந்து பார்த்தால் அப்படித் தோன்றாது. "எலை" என்று தான் அறிந்ததைச் சொன்ன குழந்தைக்கு "தப்பு, இலை என்று சொல்" என்ற திருத்தம் கிடைக்கிறது. எது தவறு, ஏன் தவறு என்பது அதற்கு விளங்குவதில்லை. தன் வீட்டில் வழங்கும் சொல்லுக்குப் புத்தகத்தில் இடமில்லை என்ற ஒன்று மட்டும் விளங்குகிறது. ஆகவே அது தன் செவியை நம்புவதை விட்டு ஆசிரியரின் வாயைப் பார்க்கத் தொடங்குகிறது. மனப்பாடம் அங்கே பிறக்கிறது. எம் முகத்தைப் பார்த்த அந்தச் சிறுமி எங்கிருந்து அப்பழக்கத்தைக் கற்றாள் என்பது இப்போது தெளிவாகிறது.

இதற்கு மாற்று, பேச்சு வழக்கையே அச்சிடுவது என்று நாம் கூறவில்லை. எழுத்து வழக்கைக் குழந்தை கற்கத்தான் வேண்டும். ஆனால் முதற்படியில், பேச்சிலும் எழுத்திலும் ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்களைத் தேர்ந்திருக்கலாம். அத்தகைய சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. இலையும் உரலும் பின்னர் வரட்டும். "வீட்டில் எலை என்கிறோம், எழுதும்போது இலை என்கிறோம், இரண்டும் நம் சொல்லே" என்று ஆசிரியர் ஒருமுறை சொல்லிவிட்டால் குழந்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

முதற்புத்தகத்தின் இன்னொரு குறை இதனினும் பெரிது. அதில் பெயர்ச்சொற்கள் மட்டுமே உள்ளன. ஒரு வினைச்சொல்கூட இல்லை. அணில் இருக்கிறது, அது ஓடுவதில்லை. ஆடு இருக்கிறது, அது எதையும் தின்பதில்லை. ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் எவ்வித உறவும் இல்லை. பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்ற ஆவலை ஊட்டாத புத்தகம் எதுவாயினும், நாவலாயின் அதனை நாம் மன்னிப்பதில்லை. வாழ்வில் முதன்முதலாகக் கையிலெடுக்கும் புத்தகத்தை மட்டும் எவ்வாறு மன்னிக்கிறோம்?

எழுத்தின் அருமையும் எளிமையும்

இவ்வாறு கூறுவதால் எழுத்தைக் கற்பித்தலே வேண்டா என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ளலாகாது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள் என்றதும் பெற்றோர் மலைக்கின்றனர். உண்மையில் அத்தனையையும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை. உயிரும் மெய்யும் அறிந்து, உயிர்க்குறிகள் சேரும் முறையையும் அறிந்துகொண்ட குழந்தை, முன்பின் கண்டிராத சொல்லையும் ஏறத்தாழச் சரியாக ஒலித்துவிடும். ஆங்கிலம் கற்கும் குழந்தைக்கு இந்த வசதி இல்லை. அங்கே ஒரே எழுத்துத் தொடர் சொல்லுக்குச் சொல் வெவ்வேறாக ஒலிக்கிறது.

எனினும் தமிழுக்கும் இடறும் இடங்கள் உண்டு. 'கெ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது. அதன் ஒலியோ பின்னே வருகிறது. 'கொ'வில் ககரத்தின் இருபுறமும் குறிகள் காவல் நிற்கின்றன. கு, சு, து, ணு என்னும் நான்கிலும் உகரக்குறி நான்கு விதமாக ஒட்டிக்கொள்கிறது. கல், அகல், தங்கை ஆகிய மூன்று சொற்களிலும் ககர வரிசை எழுத்து மூன்று விதமாக ஒலிக்கிறது. இவ்விடங்களில் குழந்தை தயங்கினால் அதனை மந்தபுத்தி எனக் கொள்வது பெரும் பிழையாகும். எழுத்தின் இயல்பே அங்குச் சற்றுக் கடினமானது.

எழுத்தின் கடுமையை வாசிப்பவர்பொருட்டுக் குறைக்கலாம் என்பதற்கு நம் மரபிலேயே சான்றுகள் உண்டு. எகரம், ஒகரம் என்னும் குறில்களுக்குப் புள்ளியிட்டு, அவற்றை நெடில்களினின்று வேறுபடுத்துவது பழைய முறை. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் அதனை விட்டுவிடுவது வழக்கமாயிற்று. வாசிப்போர் குறிலா நெடிலா என மயங்கினர். இத்தாலி நாட்டினின்று வந்து தமிழ்த்தொண்டு புரிந்த வீரமாமுனிவர் (1680-1747) நெடிலுக்குத் தனி வடிவமும் சுழித்த கொம்பும் அமைத்து அம்மயக்கத்தை நீக்கினார் என்பதை நம் வாசகர்கள் அறிவர். பின்னாளில் தந்தை பெரியார் தம் 'குடிஅரசு' இதழில் 1935-இல் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை 1978-இல் தமிழக அரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான எழுத்துகள் மற்ற எழுத்துகளைப் போல் ஒழுங்கு பெற்றன. எழுத்தையே வாசிப்பவர்பொருட்டுத் திருத்திக்கொண்ட மொழியில், எழுத்தைக் கற்பிக்கும் புத்தகத்தைத் திருத்தத் தயங்குவது பொருந்துமா?

அகர வரிசையிலேயே தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ட, ப, ம ஆகிய எளிய வடிவுள்ள எழுத்துகளை முதலில் கற்பிக்கும் முறை ஒன்று நம்மிடையே நெடுநாளாக உள்ளது. இம்மூன்றையும் புள்ளியையும் அறிந்த குழந்தை, படம், பட்டம், மடம், மட்டம் என்னும் சொற்களைச் சில நாட்களுக்குள் தானே வாசித்துவிடும். பட்டம் என வாசித்த அன்று மாலையே ஒரு காற்றாடியைப் பறக்கவிட்டுக் காட்டினால், எழுத்து எதற்காக இருக்கிறது என்பதை வேறெவரும் விளக்க வேண்டியதில்லை.

பெருக்கற் கணக்கு

வாசித்தல் என்பது யாது? 1986-ஆம் ஆண்டில் கஃப், டன்மர் என்னும் இரு அறிஞர்கள் இதற்கு ஓர் எளிய விளக்கம் தந்தனர். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று. கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இவ்விரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்பு என்பது அவர்கள் கருத்து. கூட்டல் அன்று, பெருக்கல் என்பதே இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது. பெருக்கலில் ஓர் எண் சுழியமானால் விடையும் சுழியமே. அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு சுழியத்தை வைத்துக்கொண்டு தவித்ததை இக்கணக்கு நன்கு விளக்குகிறது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும் இதற்கு அரண் செய்கிறது. சொல்லில் அடங்கிய ஒலிகளைப் பிரித்துணர்தல், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முறையாகக் கற்றல், தடையின்றி வாசித்தல், சொல்வளம், பொருளுணர்வு என ஐந்து கூறுகளை அது ஆராய்ந்தது. எழுத்தை முறையாகக் கற்பிக்காமல், படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கும்படி குழந்தையை விட்டுவிடுவது பயன் தராது. எழுத்தோடு நின்றுவிடுவதும் அவ்வாறே பயன் தராது.

தடையின்றி வாசித்தல் ஏன் இன்றியமையாதது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டும் குழந்தை, வாக்கியத்தின் இறுதிச் சொல்லை எட்டும்போது முதற் சொல்லை மறந்துவிடுகிறது. நம் மொழியிலோ வினைமுற்று பெரும்பாலும் இறுதியில்தான் வருகிறது. யார், எதை, எங்கே என்பவற்றை எல்லாம் நெஞ்சில் தாங்கிக்கொண்டு சென்றால்தான், இறுதியில் என்ன நிகழ்ந்தது என்பது விளங்கும். வேகம் இல்லாத இடத்தில் பொருள் நழுவிப் போகிறது. இவ்வேகம் அதட்டலால் வராது. எளிய, சுவையான, குழந்தைக்குப் பிடித்த ஒரே கதையை நான்கைந்து முறை வாசிப்பதால் வரும்.

இவ்விடத்தில் ஆங்கில வழிக் கல்வியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டியுள்ளது. நம் சமூகத்தில் பல குழந்தைகள், வீட்டில் ஒருவரும் பேசாத மொழியில் தம் முதல் எழுத்தைக் கற்கின்றனர். அவர்கள் எழுத்துகளைச் சொல்கின்றனர், பாடல்களைக் கையசைத்துப் பாடுகின்றனர், நாமும் மகிழ்கிறோம். ஆயினும் மேற்கண்ட கணக்கில், கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழியறிவு என்னும் எண் அங்கே சுழியத்தை ஒட்டியே நிற்கிறது. ஆங்கிலம் கற்பது தவறில்லை. அறிந்த மொழியில் வாசிப்பின் சுவையை உணர்ந்த பிள்ளை அறியாத மொழிக்கு அத்திறனைக் கொண்டுசெல்லும். அச்சுவையையே அறியாத பிள்ளை எதைக் கொண்டுசெல்லும்?

குழந்தையின் சொல்

குழந்தை அறிந்த மொழியிலிருந்தே வாசிப்பைத் தொடங்க இயலும் என்பதைச் செயலில் காட்டியவர்களுள் ஒருவர் நியூசிலாந்து நாட்டின் சில்வியா ஆஷ்டன்-வார்னர். மாவோரிப் பழங்குடிக் குழந்தைகளின் ஆசிரியையாக இருந்த அவர், தம் அனுபவத்தை 1963-இல் 'டீச்சர்' என்னும் நூலில் எழுதினார். வேற்றுச் சூழலில் வாழும் பிள்ளைகளைப் பற்றிய பாடநூல்கள் தம் மாணவர் உள்ளத்தைத் தொடவில்லை என்பதை அவர் கண்டார். ஆகவே ஒவ்வொரு குழந்தையையும் அழைத்து, "உனக்கு இன்று என்ன சொல் வேண்டும்?" என்று கேட்டார். குழந்தை சொன்ன சொல்லைத் தடித்த அட்டையில் எழுதி அதன் கையிலேயே கொடுத்தார். அன்பையோ அச்சத்தையோ தொட்டு நின்ற சொற்களைக் குழந்தைகள் ஒருமுறை பார்த்ததும் கற்றனர். மறுநாள் அடையாளம் காண இயலாத சொல் அக்குழந்தைக்கு முக்கியமானதன்று எனக் கருதி அந்த அட்டையை அகற்றிவிட்டார்.

நம் அணில் அட்டைக்கும் அவரது அட்டைக்கும் உள்ள வேறுபாடு ஆராயத்தக்கது. ஒன்றில் சொல்லைத் தேர்பவர் பதிப்பாளர்; மற்றொன்றில் குழந்தை. எனினும் அவரது முறைக்கும் எல்லை உண்டு. சொற்களை மட்டும் அட்டை அட்டையாகச் சேர்த்துக்கொண்டு எத்தனை காலம் செல்வது? எழுத்து முறையை ஒழுங்காகக் கற்றால்தான் குழந்தை எவர் துணையுமின்றிப் புதிய சொல்லை வாசிக்கும். தமிழைப் போல எழுத்தும் ஒலியும் நெருங்கிய மொழியில் அவ்வொழுங்கைக் கைவிடுவது கையிலுள்ள செல்வத்தை வீசுவதாகும். எழுத்தைப் புத்தகம் தரட்டும். சொற்களிற் சிலவற்றையேனும் குழந்தை தரட்டும் என்பதே நம் முடிபு.

நம் புலவர்கள் இதனை உணர்ந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. பாரதியாரின் பாப்பாப் பாட்டு, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்கள், அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் ஆகியவற்றில் விலங்கும் பறவையும் சும்மா இருப்பதில்லை. அவை ஓடுகின்றன, விளையாடுகின்றன, பேசுகின்றன. சொல்லும் ஓசையும் மீண்டும் மீண்டும் வருவதால், செவியில் பதிந்ததைக் கண் எளிதில் கண்டுகொள்கிறது. இப்பாடல்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி, விரலால் சொல்சொல்லாகத் தொட்டுப் பாடச் செய்தால், குரலும் விரலும் ஒன்றாகச் செல்லப் பழகும். மனப்பாடமே வாசிப்புக்குப் படியாக அமையும் வழி இது.

பள்ளி கண்ட மாற்றங்கள்

தமிழகப் பள்ளிகள் மாறவே இல்லை எனக் கூறுவது நேர்மையாகாது. ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-ஆம் ஆண்டளவில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். அட்டைகளை எடுத்து, ஏணிப்படியில் ஏறுவது போல் தத்தம் வேகத்தில் கற்றனர். கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய, 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தன்னார்வலர்களைத் தெருக்களுக்கு அனுப்பியது. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கி, அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தைகளின் நிலையறிந்து கற்பிக்க முயன்றது.

வகுப்பை நோக்காமல் குழந்தையின் நிலையை நோக்கிக் கற்பிப்பது இம்முயற்சிகளின் பெருஞ்சிறப்பு. நான்காம் வகுப்பு மாணவன் எழுத்து நிலையில் இருந்தால் அங்கிருந்தே தொடங்க வேண்டும், வெட்கப்படுத்தலாகாது. ஆயினும் ஒரு குறையைச் சுட்ட விரும்புகிறோம். அட்டையும் பயிற்சித்தாளும் தேர்ச்சிக் குறியும் பெருகும்போது, குழந்தை தானாக எடுத்து வாசிக்கும் கதைப்புத்தகம் பின்னுக்குத் தள்ளப்படும் ஆபத்து உண்டு. பூட்டிய அலமாரியில் புத்தகங்களும், வெளியே எழுத்துப் பயிற்சியும் இருக்கும் பள்ளியை நாம் கண்டிருக்கிறோம். கிழிந்துவிடும் என்ற அச்சமே காரணமாம். குழந்தைகள் கைபட்டுக் கிழிந்த புத்தகமே தன் கடமையைச் செய்த புத்தகம் என்பதை ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

வீட்டின் பங்கு

"எங்களுக்கே சரியாக வாசிக்கத் தெரியாது, பிள்ளைக்கு நாங்கள் எப்படிச் சொல்லித் தருவது?" என்று வினவும் பெற்றோர் நம்மிடையே பலர். அவர்களுக்காகவே இப்பகுதியை எழுதுகிறோம். பெருக்கற் கணக்கில் இரண்டாவது எண்ணாகிய மொழியறிவை வளர்ப்பது பெரும்பாலும் வீடுதான். சந்தையில் நடந்ததைச் சொல்லும் தாயும், கடலிலோ வயலிலோ கண்டதை விவரிக்கும் தந்தையும், இரவில் கதை சொல்லும் பாட்டியும் குழந்தையின் வாசிப்புக்கு அடித்தளம் இடுகின்றனர். அவர்களுக்கு எழுத்தறிவு இல்லை என்பது அதற்குத் தடையாகாது.

வாசிக்கத் தெரிந்தோர் நாள்தோறும் கால்மணி நேரம் குழந்தையை அருகில் அமர்த்தி, விரலால் தொட்டு ஒரு சிறுகதை வாசிக்கலாம். கடைப் பெயர்ப்பலகை, பேருந்தின் ஊர்ப்பெயர், மளிகைப் பட்டியல் ஆகியவற்றை வாசிக்கச் சொல்லலாம். பிழை நேர்ந்தால் உடனே பாயாமல் ஒரு கணம் பொறுக்கலாம். பொருள் பொருந்தாததைக் கண்டு குழந்தையே பலமுறை திருத்திக்கொள்ளும். அடியும் ஒப்பீடும் மட்டும் வேண்டா. எழுத்தைக் கண்டாலே அஞ்சும்படி ஒரு குழந்தையைச் செய்துவிட்டால், அந்த அச்சத்தைப் போக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

அன்று மாலை அந்த வீட்டில் நடந்த இன்னொன்றைக் கூறி முடிக்கிறோம். நாம் கொண்டுசென்றிருந்த சிறு கதைப்புத்தகத்தை அண்ணன் எடுத்து எழுத்துக் கூட்டத் தொடங்கினான். அடுப்படியிலிருந்து வந்த அவன் பாட்டி, கையொப்பத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைப்பவர், சுவரில் சாய்ந்து அமர்ந்தார். முதல் வாக்கியம் முடிந்ததும், "அப்புறம் என்னாச்சுய்யா?" என்று கேட்டார். சிறுவன் ஒரு கணம் திகைத்தான். பிறகு முடித்த வரிக்குத் திரும்பி, அதனைத் தனக்குள் மீண்டும் ஒருமுறை வாசித்துக்கொண்டு, பாட்டிக்குச் சொன்னான். அடுத்த வரிக்குச் சென்றபோது அவன் எழுத்தைக் கூட்டிய விதமே மாறியிருந்தது. தங்கையும் அருகில் வந்து, அவன் விரல் போகும் இடத்தைப் பார்க்கலானாள்.

"அப்புறம்?" என்று குழந்தையைத் தனக்குள் கேட்கத் தூண்டும் புத்தகமே நல்ல முதற்புத்தகம். அத்தகைய புத்தகங்களை எழுதுவோரும் அச்சிடுவோரும் நம்மிடையே பெருக வேண்டும். அதுவரை அக்கேள்வியைக் கேட்க ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் அமர்ந்து செவிகொடுப்பாராக. அதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. பொறுமையும் அன்பும் போதும்.